பெரிய கை வாங்கினா நாமளும் வாங்கலாமா?

இந்த எபிசோடை பைக்காராவுல இருந்து பேசுறேன். பின்னாடி மழைச் சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க. இங்க பெரியம்மா வீட்டுல தம்பி போனை நீட்டினான். "அண்ணா, இந்த ஷேரை எஃப்ஐஐ அள்ளுறாங்கன்னு டெலிகிராம்ல போட்டிருக்கான். பாப்பா காலேஜ் ஃபீஸுக்கு வெச்சிருக்கிற பணத்தைப் போடட்டுமா?"

எஃப்ஐஐன்னா வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள். டிஐஐன்னா நம்ம நாட்டு மியூச்சுவல் ஃபண்ட், எல்ஐசி மாதிரியானவங்க. இவங்க கணக்கைப் பார்க்க டெலிகிராம் தேவையே இல்லை. ஒவ்வொரு காலாண்டும் முடிஞ்ச 21 நாளுக்குள்ள, யார் கையில எத்தனை சதவீதம் இருக்குன்னு கம்பெனி சொல்லியாகணும். இது செபி விதி. என்எஸ்இ, பிஎஸ்இ தளங்கள்ல இலவசமா கிடைக்கும். மியூச்சுவல் ஃபண்டுகள் மாசாமாசம் பட்டியல் போடுறாங்க. ஒரே நாள்ல கம்பெனியோட 0.5 சதவீதத்துக்கு மேல ஒருத்தர் வாங்கினாலோ வித்தாலோ, 'பல்க் டீல்'னு அன்னைக்கே பேரோட வந்துடும்.

சிக்கல் தேதியிலதான். ஜனவரியில வாங்கினது ஏப்ரல்லதான் நம்ம கண்ணுல படும். ஏப்ரல் 1ஆம் தேதியே வித்திருந்தா, அது ஜூலை வரைக்கும் அந்தக் கணக்குல தெரியாது. அணையில எழுதிப்போட்ட நீர்மட்டம் போன மாசத்தோடதுன்னா, இன்னிக்கு ஷட்டர் திறந்திருக்கான்னு அது சொல்லாது இல்லையா?

இன்னொண்ணு, ஏன் விக்கிறாங்கன்னு அந்த எண் சொல்லாது. 2024 மார்ச் 13 அன்னைக்கு பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ, ஐடிசியில தன்கிட்ட இருந்ததுல 3.5 சதவீதப் பங்கை வித்தது. சுமார் 17,500 கோடி ரூபாய். அவங்க சொன்ன காரணம், தங்களோட சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கப் பணம் வேணும். ஐடிசி மோசம்னு இல்லை. அன்னைக்கு மார்க்கெட் விழுந்தப்பவும் ஐடிசி 4 சதவீதத்துக்கு மேல ஏறிச்சு. 'பெரிய கை விக்குது'ன்னு பயந்து காலையில வித்தவங்க நிலைமையை யோசிங்க.

நீலகிரியில இருக்கிற மாதிரி சின்ன டீ கம்பெனிகள்ல நிறுவனங்களோட பங்கு ரொம்பக் கம்மியா இருக்கலாம். அதனால கம்பெனி மோசம்னு அர்த்தமில்லை. பெரிய ஃபண்ட் உள்ள வந்தா, அது வாங்குறதுலயே விலை ஏறிடும். அதனால வராது.

தம்பிகிட்ட இதைத்தான் சொன்னேன்: "ஃபண்ட் மேனேஜருக்கு ஒரு ஷேர் விழுந்தாலும் கையில இன்னும் நாப்பது இருக்கும். உனக்கு இருக்கிறது பாப்பா ஃபீஸ். ஆறு மாசத்துல கட்ட வேண்டிய பணம் பேங்க்லயே இருக்கட்டும்."

மத்த பணத்துக்கு, அடுத்த தடவை இப்படி மெசேஜ் வந்தா மூணு கேள்வி கேளுங்க. இது எந்தத் தேதிக் கணக்கு? நாலஞ்சு காலாண்டா தொடர்ந்து ஏறுதா, இல்ல ஒரே ஒரு தடவையா? இவங்க வாங்கினாங்கன்னா, வித்தது யாரு? புரமோட்டரே வித்துட்டுப் போறார்னா, கம்பெனியோட கடனையும் லாபத்தையும் பார்க்காம ஒரு ரூபாய்கூடப் போடாதீங்க.