வெளிச்சம் போடும் கணக்கு

தேக்கா பூக்கடைகளில் மல்லிகைக்கும் சாமந்திக்கும் இருக்கிற மவுசு நித்திய கல்யாணிக்குக் கிடையாது. வீவக தாழ்வாரத்துத் தொட்டியில் கேட்பாரற்றுப் பூத்து நிற்கும். ஊரில் அதற்குச் சுடுகாட்டுப் பூ என்றே ஒரு பெயர். ஆனால், ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளைப் பிழைக்க வைக்கும் மருந்து அதன் இலையில்தான் பிறந்தது!

ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். 1952-ல் சில இலைகள் கனடாவில் இருந்த டாக்டர் ராபர்ட் நோபலிடம் வந்து சேர்ந்தன. சாற்றை எலிகளுக்கு ஊசியில் ஏற்றினால், சர்க்கரை இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள் சரிந்தன! அதிலிருந்து 1958-ல் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதன் தம்பி வின்கிரிஸ்டினை 1963-ல் அமெரிக்கா அனுமதித்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் 2000-களில் சேர்ந்து நடத்திய 'மா-ஸ்போர்' குழந்தைகள் சிகிச்சை ஆய்விலும் வின்கிரிஸ்டின் இருந்தது.

இந்த மருந்துக்குச் செடி இரண்டு பொருள்களைச் சேர்க்க வேண்டும்: விண்டோலின், கதராந்தின். இருட்டில் முளைத்த நாற்றில் விண்டோலின் அநேகமாக இராது. அதற்கு முந்தைய பொருளான டாபர்சோனின் தேங்கிக் கிடக்கும். வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தால் கடைசிப் படிகளின் நொதிகள் விழித்துக்கொள்கின்றன, விண்டோலின் உருவாகிறது. செடியின் பைட்டோகுரோம் என்ற நிறமிதான் இங்கே சுவிட்ச். சிவப்பு ஒளி அதைப் போடும். தொலைசிவப்பு ஒளி அணைக்கும்.

அப்புறமும் ஒரு சிக்கல். கதராந்தின் இலையின் மேற்பரப்பு மெழுகில். விண்டோலின் உள்ளே, செல்களுக்குள். ஒரே இலையில் இருந்தும் சந்திப்பது அபூர்வம்! அதனால்தான் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவைப்படுகிறது.

சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். ஆனால் கிழக்கு பார்த்த தாழ்வாரத்துக்கு வெயில். எதிர் புளோக்கின் நிழல் விழும் தாழ்வாரத்துக்கு அது இல்லை. ஒரே விதை, ஒரே மண். இரண்டு இலையிலும் ஒரே அளவு மருந்து இருக்கும் என்று எவர் சொல்ல முடியும்?

'சர்க்கரைக்கு நல்லது' என்று பறித்துக் கஷாயம் போடுபவர்கள் இதைத்தான் யோசிக்க வேண்டும். வின்கிரிஸ்டின் அளவு கூடினால் நரம்புகளைத் தாக்கும். மருத்துவமனையில் அதை உடல் அளவு பார்த்துக் கணக்கிட்டு, ரத்தக் குழாயில் மட்டுமே ஏற்றுகிறார்கள். தொட்டிச் செடிக்கு அந்தக் கணக்கு தெரியாது. பூவைச் சாமிக்கு வையுங்கள். மருந்தை மருத்துவரிடம் விடுங்கள்!