அடைமழைக்கு ஒரு டப்பா காய்கறி



சித்திரை வெயில் கொளுத்தும்போது வந்து மழைக்காலத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். மழைக்குச் செய்கிற வேலையை வெயிலில்தான் செய்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் கொல்லையில் இருக்கும் செடி அழுகிப் போகும். சந்தைக்குப் போக வழியிருக்காது. போனாலும் கத்தரிக்காய் விலையைக் கேட்டுவிட்டுச் சும்மா திரும்புவோம். பத்து நாள், பதினைந்து நாள் வெறும் புளித்தண்ணியும் ஊறுகாயுமாகச் சாப்பாடு ஓடும். பெரியவர்கள் நாம் சமாளித்துக்கொள்வோம். கர்ப்பிணிப் பெண்ணுக்கும், இப்போதுதான் சோறு தின்னப் பழகுகிற குழந்தைக்கும் அது போதுமா?

அதே தக்காளியை, விலை விழுந்த வருஷம், ஒட்டன்சத்திரம் பக்கம் பறிகூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டுவதையும் பார்த்திருக்கிறோம். மலிந்த காலத்தில் எடுத்து வைத்தால் என்ன? வைக்கலாம். ஆனால் எப்படி வைக்கிறோம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

குளிர் நாடுகளில் பனிக்காலத்துக்கென்று காய்கறியை வேகவைத்து, சூப்புக்கான சாறோடு கண்ணாடி ஜாடியில் காற்றுப் புகாமல் அடைத்து வைக்கிறார்கள். இப்போது செல்போனில் அதைப் பார்த்துவிட்டு நம் வீடுகளிலும் ஆசைப்படுகிறார்கள். ஆசைப்பட்டு நானும் செய்தவள்தான். கல்யாணமான புதிது. பீன்ஸும் கேரட்டும் வேகவைத்து, சுடச்சுடப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடினேன். மூன்றாம் வாரம் திறந்தால் புஸ்ஸென்று நுரை பொங்கியது. "காசு போட்டு வாங்கினதாச்சே, இன்னொரு கொதி விட்டுச் சாப்பிடலாமே" என்றார் வீட்டுக்காரர். என் மாமியார்தான், "நாத்தம் அடிச்சுக் காட்டிக் கொடுத்துச்சே, நல்ல வேளை. கொண்டுபோய்க் குழியில புதை" என்றார்கள்.

நாற்றம் எப்போதும் காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். மண்ணில் பொட்டுலினம் என்ற ஒரு கிருமி இருக்கிறது. அதன் வித்து, தண்ணீர் கொதிக்கிற 100 டிகிரியிலும் சாகாது. 121 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூடு நீராவி அழுத்தத்தில்தான் கிடைக்கும். அதற்கென்று தனிப் பாத்திரமும், காய்க்குத் தக்க நேரக் கணக்கும் உண்டு. நம் வீட்டுக் குக்கரில் மூன்று விசில் விட்டேன் என்றால் கணக்காகாது. காற்றில்லாத, புளிப்பில்லாத ஈரமான பாட்டில்தான் அந்தக் கிருமி வளர்ந்து விஷம் கக்குவதற்குத் தோதான இடம். கண்ணுக்கும் மூக்கும் தெரியாமலே விஷம் இருக்கலாம். சாப்பிட்டவருக்குப் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், இமை தொங்கும், விழுங்க முடியாது, பிறகு மூச்சு முட்டும். நம் பக்கம் அபூர்வம்தான். ஆனால் இந்த அடையாளம் கண்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாப்பிட்ட மிச்சத்தையும் எடுத்துப் போங்கள். உரித்த பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு மாதக்கணக்கில் வைப்பதிலும் இதே ஆபத்து உண்டு. எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்க்கு அந்தப் பயமில்லை. புளிப்பும் உப்பும் அங்கே காவல்.

சரி, நமக்கு வழி என்ன? நம் பாட்டிமார் வழிதான்: ஈரத்தை எடுத்துவிடுவது. ஈரமில்லாத இடத்தில் எந்தக் கிருமியும் வளராது.

கொத்தவரங்காயைக் காம்பு கிள்ளி, உப்பும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் மூன்று நிமிஷம் போட்டு எடுத்து, வடித்துக் காயவையுங்கள். சுண்டைக்காயை லேசாகத் தட்டி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்துப் பகலில் வெயில், ராத்திரி மறுபடி மோர் என்று மோர் தீரும்வரை செய்யுங்கள். பாகற்காய்க்கும் அதே பக்குவம். தக்காளியை மெல்லிய வில்லையாக நறுக்கி உப்புத் தூவிக் காயவைத்தால் போதும். எல்லாமே ஒடித்தால் 'படக்'கென்று ஒடிய வேண்டும். சந்தேகமிருந்தால் கொஞ்சத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் இன்னும் ஒரு வெயில் தேவை.

முருங்கைக்கீரையை மட்டும் வெயிலில் போடாதீர்கள். கண்பார்வைக்கான சத்து வெயிலில் வீணாகும். கழுவி, தண்ணீரை உதறி, வீட்டுக்குள் வேட்டித் துணியில் பரப்பினால் மூன்று நான்கு நாளில் நொறுங்கும். இடித்துச் சலித்து, வெளிச்சம் படாத டப்பாவில் போடுங்கள்.

மழை ராத்திரியில் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை நன்றாக வேகவைத்து, காய்ந்த தக்காளி நாலைந்து வில்லை, நசுக்கிய பூண்டு, சீரகம் போட்டுக் கொதிக்கவிடுங்கள். இறக்கும்போது இரண்டு கரண்டி முருங்கைப்பொடி, மிளகு கடைசியில். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு மிளகு போடுமுன் எடுத்து, சோற்றோடு குழைத்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு ஊட்டலாம். தக்காளி வில்லையில் உப்பு உண்டு. அதனால் அதைச் சேர்க்குமுன்னே குழந்தையின் பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள். காய்ந்த காயில் வைட்டமின் 'சி' குறைந்துபோயிருக்கும். அடுப்பை விட்டு இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்துகொண்டால் அதுவும் சேரும். இரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பு வற்றலைச் சுடுதண்ணீரில் அலசிவிட்டு அளவாகச் சாப்பிடுங்கள்.

வற்றலில் பூஞ்சணம் பூத்தால் துடைத்துவிட்டுப் பொரிக்கிற வேலை வேண்டாம். சில பூஞ்சண விஷம் எண்ணெய்ச் சூட்டிலும் போகாது, ஈரலைக் கெடுக்கும். மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள். அப்படி ஆகாமலிருக்க, மழை விட்டு வெயில் தலைகாட்டுகிற நாளில் டப்பாக்களை மாடிக்கோ திண்ணைக்கோ கொண்டுவந்து உலர்த்த வேண்டும். அது ஆண்பிள்ளைகள் வேலையாக இருக்கட்டும், காக்காய் விரட்டுவதும் சேர்த்துத்தான்.