போர்த்தெல்லாவின் கற்கள்
(ஆண்டுவிழா நன்றி ஆராதனையின் பின் ஆற்றிய உரை)



மே மாதத்தில் நாம் போய்வந்த ஒன்றுகூடலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசும்படி கேட்டார்கள். சாப்பாட்டைப் பற்றித் தொடங்கினால் ஐந்து நிமிடம் போதாது. ஆகவே புட்டும் கோழிக்கறியும் சமைத்து வந்த அம்மாமாருக்கு நன்றி சொல்லிவிட்டு மற்றதைப் பேசுகிறேன்.

பலெர்மோவிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீற்றர் மலைப்பாதையில் ஏறினால் பியானா தேலி அல்பனேசி வரும். கடல்மட்டத்திலிருந்து 700 மீற்றருக்கும் மேலே இருக்கும் சிற்றூர். வீதிப் பெயர்கள் அங்கே இரண்டு மொழியில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்று இத்தாலி மொழி, மற்றது ஆர்பரெஷ். துருக்கியர் படையெடுப்புக்குத் தப்பி அல்பானியாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் 1488இல் இந்த ஊரை அமைத்தார்கள். அவர்களும் அகதிகள்தான். 500 வருடங்களுக்கு மேலாகியும் அந்த மொழி வீட்டிலும் வீதியிலும் கேட்கிறது. ஆராதனை முறையையும் விடவில்லை. உயிர்த்தெழுந்த ஞாயிறன்று பெண்கள் பொன்நூல் வேலைப்பாடுள்ள பழைய உடை அணிந்து ஊர்வலம் போவார்கள். சிவப்பு முட்டை பகிர்வார்கள். தங்கள் பிள்ளைகள் குருக்களாகப் படிப்பதற்கு 1734இல் நமது பலெர்மோவிலேயே ஒரு குருமடம் தொடங்கினார்கள்.

அந்த ஊரிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளித்தான் நாம் பாய் விரித்த இடம், போர்த்தெல்லா தெல்லா ஜினெஸ்த்ரா. போர்த்தெல்லா என்றால் கணவாய். ஜினெஸ்த்ரா அங்கே மஞ்சளாய்ப் பூக்கும் செடி. இரண்டு மலைகளுக்கு நடுவே திறந்த புல்வெளி. கூரை இல்லை, கதிரை மேசை இல்லை. "இப்படி வெயிலில் கொண்டுவந்து விட்டார்களே" என்று முதலில் முணுமுணுத்தவன் நான்தான்.

ஆனால் அந்த வெளி மிகப் பழைய கூட்டத் திடல். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவ்வூர் வைத்தியர் நிக்கோலா பார்பாத்தோ ஒரு பாறைமேல் ஏறி நின்று ஏழை விவசாயிகளோடு பேசுவார். அந்தப் பாறைக்கு இன்றும் அவர் பெயர்தான். பாசிச ஆட்சி மே தினத்தைத் தடை செய்தது. அது ஒழிந்தபின் மக்கள் மறுபடி அங்கே கூடினார்கள். 1947 மே 1ஆம் திகதி சுற்றூர்க் குடும்பங்கள் பிள்ளைகளோடும் சாப்பாட்டோடும் வந்திருந்தன, நாம் போனதைப் போலவே. பெருநிலக்காரர் தரிசாக விட்டிருந்த நிலத்தை உழுவதற்குக் கேட்ட சனங்கள் அவர்கள். பேச்சுத் தொடங்கிய சற்று நேரத்தில் மலையிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டன. பிள்ளைகள் உட்பட 11 பேர் இறந்தார்கள். 27 பேர் காயப்பட்டார்கள். சுட்டது சல்வத்தோரே ஜுலியானோவின் கொள்ளைக் கூட்டம். பின்னால் நின்றது யார் என்ற வழக்காட்டம் இன்னும் தீரவில்லை.

1980இல் எத்தோரே தே கொன்சீலிஸ் என்ற கலைஞர் தலைமையில் நினைவிடம் அமைத்தபோது சிலை எதுவும் வைக்கவில்லை. அந்த மலையின் கற்களையே, சனங்கள் விழுந்த வெளியில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு மே முதலாம் திகதியும் இன்றும் அங்கே மக்கள் கூடுகிறார்கள்.

சாப்பாடு முடிந்து நடந்தபோது என் மகள், "இந்தக் கல்லெல்லாம் என்ன?" என்று இத்தாலியில் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளே எழுத்துகளை வாசித்து எனக்கு இத்தாலியில் விளக்கினாள். பக்கத்தில் நின்ற அப்பம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்பம்மாவுக்குத் தமிழில் சொல்லு" என்றேன். தொடங்கினாள், பாதியில் நின்றாள். "சுட்டவை", "ஓடினவை", அதற்குமேல் சொல் வரவில்லை. என் அம்மாதான் சொல் எடுத்துக் கொடுத்தார். அந்தச் சொற்கள் அவருக்கு நன்றாகத் தெரிந்தவை. சொல்லி முடித்ததும் கல்லைத் தொட்டுக்கொண்டு, "எங்கட சனமும் இப்படித்தான் ஓடினது, பிள்ளை" என்றார். அன்றுதான் என் மகள் முதல் தடவையாக எங்கள் ஊர்க் கதையை அவரிடம் கேட்டாள். 13 வயது. அதுவரை நான் சொன்னதில்லை.

அன்பானவர்களே, மே மாதம் நமக்கும் கனத்த மாதம். யோர்தானைக் கடந்ததும் யோசுவா 12 கற்களை நாட்டியது, பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதற்காகத்தான். கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல மொழி வேண்டும். பதில் தெரிந்த பெரியவர்களும் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டும் நமக்கு இன்று இருக்கிறது. எத்தனை வருடத்துக்கு என்று எனக்குத் தெரியாது.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், பிள்ளைகளை அரை மணி நேரம் அப்பம்மாமார், அம்மம்மாமார் பக்கத்தில் இருத்துவோம். சொல் தடக்கினால் தடக்கட்டும். எடுத்துக் கொடுக்க அவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த ஒன்றுகூடலும் அங்கேயே வைத்தால் நான் முணுமுணுக்க மாட்டேன். ஒரு குடை மட்டும் கொண்டுவருவேன்.

கர்த்தர் நம் சபையையும் நம் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.