கிடைத்த உதவியைக் காப்பாற்றிக்கொள்வோம்



பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. கல்விக் கடனும் கிடைத்துவிட்டது. இந்தச் செய்தி வந்த நாளில் வீட்டில் எவ்வளவு மகிழ்ச்சி! கோயிலில் அர்ச்சனை செய்கிறோம். அண்டை அயலாருக்கு இனிப்பு கொடுக்கிறோம். "இனிப் படித்து முடிக்கும்வரை பணக் கவலை இல்லை" என்று பெருமூச்சு விடுகிறோம். அங்கேதான் ஒன்றை மறந்துவிடுகிறோம். உதவி ஒரு முறை கிடைக்கிறது. ஆனால் அதை ஒவ்வொரு தவணையிலும் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் பல பிள்ளைகளுக்கு உயர்கல்விக் கடன் கொடுப்பது பி.டி.பி.டி.என். இது 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நிறுவனம். அந்தப் பணத்தை மொத்தமாகக் கையில் கொடுத்துவிடுவதில்லை. செமஸ்டர் எனப்படும் ஒவ்வொரு தவணைக்கும் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். கொடுப்பதற்கு முன், முந்தைய தவணையின் தேர்வு முடிவைப் பார்க்கிறார்கள். சராசரிப் புள்ளி 2.00-க்குக் குறைந்திருந்தால் பணம் நிறுத்தி வைக்கப்படும். தோட்டத்தில் பிரட்டுக்கு வராதவருக்கு அன்றைய கூலி இல்லை அல்லவா? இதுவும் ஏறக்குறைய அப்படித்தான்.

அது என்ன 2.00? பெற்றோர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பொதுவாக ஏ என்றால் 4 புள்ளி, பி என்றால் 3, சி என்றால் 2, டி என்றால் 1, தோல்விக்குப் பூஜ்யம். ஒரு மாணவர் ஒரே எடையுள்ள ஐந்து பாடங்கள் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் பி, இரண்டில் சி, ஒன்றில் டி, ஒன்றில் தோல்வி. கூட்டினால் 8. ஐந்தால் வகுத்தால் 1.60. பணம் நின்றுவிடும். தோல்வியடைந்த அந்த ஒரு பாடத்தில் மட்டும் சி வாங்கியிருந்தால்? கூட்டுத்தொகை 10, சராசரி 2.00. பணம் தொடர்ந்து வரும். பார்த்தீர்களா, ஒரே ஒரு பாடம்!

உபகாரச் சம்பளம் பெறுகிறவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அவற்றுள் பல, 2.00-ஐவிட உயர்ந்த புள்ளியைக் கேட்கின்றன. எவ்வளவு என்பது கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கும். அந்தத் தாளைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், பிள்ளையை உட்காரவைத்து ஒரு முறை வாசித்து விளக்கச் சொல்லுங்கள்.

சரி, புள்ளி குறைந்து பணம் நின்றுவிட்டது. பிறகு என்ன நடக்கிறது? நமக்கு வேதனை தருவது இந்த இடம்தான். பிள்ளை வீட்டில் சொல்வதில்லை. அப்பா வெயிலில் செம்பனைக் குலை வெட்டுகிறார், அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறார், அவர்களிடம் எப்படிச் சொல்வது என்ற வெட்கம். செலவுக்காக இரவு வேலைக்குப் போகிறது. இரவில் கண்விழித்தால் காலையில் வகுப்புக்குப் போக முடியாது. வருகை குறைந்தால் தேர்வு எழுதவே விடாத கல்விக்கூடங்கள் பல. அடுத்த தவணையில் புள்ளி இன்னும் இறங்குகிறது. ஒருநாள் துணிப் பையோடு வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. பட்டம் இல்லை, ஆனால் கடன் இருக்கிறது. ஏனென்றால், படிப்பை முடித்தாலும் முடிக்காவிட்டாலும் வாங்கிய கடனைக் கட்டியே ஆகவேண்டும்.

இது தடுக்க முடியாத வினை அல்ல. பணம் நின்றதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருளில்லை. அடுத்த தவணையில் 2.00-ஐ எட்டினால் கடனுதவி மறுபடியும் வரும். பால்மரத்தில் கத்தி ஆழமாகப் பட்டுவிட்டால் மரத்தை வெட்டியா சாய்த்துவிடுகிறோம்? காயத்தை ஆறவிட்டு, பிறகு பக்குவமாகச் சீவுகிறோம்.

ஆகவே மாணவச் செல்வங்களே, புள்ளி இறங்கிய அன்றே பாட ஆலோசகரான விரிவுரையாளரைப் பாருங்கள். எந்தப் பாடத்தைத் திரும்ப எடுப்பது, எத்தனை பாடத்தோடு நிறுத்திக்கொள்வது என்று கேளுங்கள். மாணவர் விவகாரப் பிரிவுக்குப் போய், அவசர உதவி ஏதும் உண்டா என்று விசாரியுங்கள். நோயினாலோ குடும்பச் சிக்கலினாலோ படிக்க முடியவில்லையென்றால், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். முறையாக எழுதிக் கொடுத்துத் தவணையைத் தள்ளிவைக்க வழி இருக்கிறது. ஆனால் ஒரு பாடத்தைக் கைவிடுவதானாலும், துறையை மாற்றுவதானாலும், தவணையைத் தள்ளிவைப்பதானாலும், கடன் என்னவாகும் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு முடிவு செய்யுங்கள்.

பெற்றோர்களே, "எங்களுக்கு என்ன தெரியும், நாங்கள் படிக்காதவர்கள்" என்று ஒதுங்கிவிடாதீர்கள். நீங்கள் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தவணைக்கு ஒரு முறை இரண்டு கேள்வி கேட்டால் போதும்: "புள்ளி எவ்வளவு வந்தது? பணம் வந்ததா?" இதை அதட்டிக் கேட்டால் பொய்தான் பதிலாக வரும். சோறு போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். குறைந்துவிட்டது என்று பிள்ளை சொன்னால், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், "சரி, இனி என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள்.

வீட்டில் உண்மையைச் சொல்ல இடமிருக்கும் பிள்ளை, விழுந்தாலும் எழுந்துவிடும். அந்த இடத்தைக் கொடுப்பதற்குப் பணம் வேண்டியதில்லை, படிப்பும் வேண்டியதில்லை.