பங்கை விற்றால் பொறுப்பு தீருமா?



கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்த நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்டு, ஏமாற்றுவோரைக் கடுமையாக எச்சரித்தார்கள் அண்ணலார்.

இன்று கம்பெனிப் பங்குகளிலும் அதே ஈரம் மறைக்கப்படுகிறது. ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தில் தம் குடும்பத்திற்கிருந்த பங்குகளைச் சிங் சகோதரர்கள் 2008இல் ஜப்பானின் தாய்ச்சி சாங்கியோவுக்கு விற்றனர். அமெரிக்க விசாரணை பற்றிய முக்கிய விவரங்கள் மறைக்கப்பட்டதாக அந்நிறுவனம் முறையிட்டது. 2016இல் சிங்கப்பூரில் நடுவர் மன்றம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு விதித்தது. 2018இல் டெல்லி உயர்நீதிமன்றம், பங்குதாரர்களாக இருந்த சிறார்களை மட்டும் விடுவித்து, அதை உறுதிசெய்தது.

பழைய வழக்கோ வரிபாக்கியோ பின்னர் வெளிப்பட்டால் விற்றவரே ஈடுசெய்வார் என்று விற்பனை ஒப்பந்தங்களில் ஷரத்து எழுதுகிறார்கள். நல்லதுதான். ஆனால், தெரிந்ததை மறைத்தவருக்கு அந்த ஷரத்து திரையாகாது. வாங்குபவரும் அஞ்சிக்கொள்ளட்டும்! இல்லாத நஷ்டத்தைக் காட்டி, கொடுத்த விலையைத் திரும்பப் பறிப்பதும் மோசடியே.

அண்ணனின் கடைப்பங்கைத் தம்பி வாங்கினாலும் கணக்கை விரித்து வையுங்கள். எந்தப் பாக்கி யாருடையது, எவ்வளவு வரை, எத்தனை காலம் என்பதை எழுதுங்கள், சாட்சி வையுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிக்கொள்வது பற்றியதன்றோ! ஷரத்தின் கெடு முடியலாம். மறுமையின் கணக்கு முடிவதில்லை.

நேர்மையான வணிகர்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.