கல் உடைத்த பிறகு நீர் மாத்திரை
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



கல்லடைப்பு வைத்தியத்துக்காக உள்கடன் வாங்கிய ஒரு அக்கா, அதிர்வலை வைத்துக் கல்லை உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மூணாம் நாள் களை எடுக்கும்போது மயங்கி விழுந்துட்டார். போய் விசாரித்தோம். வீட்டுக்காரருக்குப் பிரஷருக்காகக் கொடுத்த நீர் மாத்திரையை இவரும் போட்டிருக்கிறார்! "ஒண்ணுக்கு நிறைய போனா கல்லு சீக்கிரம் வந்துடும்னு சொன்னாங்க" என்றார்.

அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மைதான். 1980-ல் ஜெர்மனியில் மூனிச் நகரில் முதன்முதலாக மனிதருக்குச் செய்யப்பட்ட சிகிச்சை இது. கத்தி வைக்காமல், வெளியிலிருந்தே அதிர்வலை அனுப்பிக் கல்லை நொறுக்குகிறார்கள். ஆனால் மெஷின் நொறுக்கத்தான் செய்யும். துகளை வெளியே தள்ளுவது நம்ம சிறுநீர்தான். அதற்குச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அதனால் சில டாக்டர்கள் ஃப்ரூசிமைடு என்ற நீர் மருந்தைச் சிலருக்கு மட்டும் கொடுப்பதுண்டு. பிரஷர், உப்புச் சத்து எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

அந்த மாத்திரை தண்ணீரை எங்கிருந்து எடுக்கும்? நம்ம உடம்பிலிருந்துதானே! தண்ணி குடிக்காமல் போட்டால் பிரஷர் இறங்கும், பொட்டாசியம் குறையும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். உடம்பு வறண்டுபோனால் சிறுநீரும் குறைந்துவிடும். இன்னொன்று, ஃப்ரூசிமைடு சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டும். நெடுநாள் போட்டால் புதுக் கல்லுக்கே வழியாகலாம்.

"டாக்டர் மூணு லிட்டர் தண்ணி குடிக்கச் சொன்னாரே, ஏன்க்கா குடிக்கல?" என்று கேட்டோம். "குடிச்சிட்டு, ஆம்பளைங்க நிக்கிற காட்டுல எங்க போய் ஒதுங்கறது?" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. மாத்திரையைக் குறை சொல்லி என்ன செய்ய? வேலை செய்யும் இடத்தில் மறைவிடம் வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் மனு கொடுக்கப் போகிறோம். எல்லாக் குழுவும் கையெழுத்துப் போடணும்.

கல் உடைத்துக்கொண்டவர்கள் சிறுநீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, வரும் துகளை டாக்டரிடம் காட்டுங்கள். இருதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர் ஜுரம் வந்தாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ துகள்கள் குழாயில் வரிசையாக மாட்டியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் 108-க்குப் போன் பண்ணுங்கள். பணத்துக்குக் குழுவில் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.