விட்டுக்கொடுக்கும் சுவர்



கார்ப் பந்தயத்தை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். வளைவில் ஒரு கார் நிலைதடுமாறிச் சுழன்று, ஓரத்துத் தடுப்பில் போய் மோதுகிறது. நமக்கு நெஞ்சு பதறுகிறது. சற்று நேரத்தில் ஓட்டுநர் இறங்கி நடந்து வருகிறார். ‘அவருக்கு ஆயுள் கெட்டி’ என்கிறோம். ஆயுள் கெட்டிதான், ஆனால், அவர் மோதிய தடுப்பு கெட்டியாக இல்லாததும் அதற்கு ஒரு காரணம்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு சிறு கணக்குப் போடுவோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு நொடியில் 20 மீட்டர் கடக்கிறது. அந்த வேகத்தில் மோதுவது, ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நன்றாக வளர்ந்த பால்மரம் அந்த உயரம் இருக்கும்.

அந்த வேகம் அரை மீட்டருக்குள் அடங்கினால், உள்ளே இருப்பவரின் உடலை அவர் எடையைப்போல் ஏறக்குறைய 40 மடங்கு விசை தாக்கும். 60 கிலோ எடையுள்ளவர்மீது 2,400 கிலோ பாரம் ஏறியதுபோல! அதே வேகம் 2 மீட்டர் தூரத்தில் சிறிது சிறிதாக அடங்கினால், 40 மடங்கு 10 மடங்காகக் குறைந்துவிடும். வண்டியும் ஒன்றே, வேகமும் ஒன்றே. நிற்பதற்குக் கிடைத்த தூரம்தான் வேறு. மரத்திலிருந்து போடும் பப்பாளிப் பழத்தைப் பிடிப்பவர் கையைத் தாழ்த்திக்கொண்டே பிடிக்கிறார் அல்லவா? அந்தச் சூத்திரம்தான் இது.

முற்காலத்தில் பந்தயப் பாதை ஓரங்களில் வைக்கோல் கட்டுகளை அடுக்கினார்கள். 1967ஆம் ஆண்டு மே மாதம் மொனாக்கோ பந்தயத்தில், இத்தாலிய வீரர் லொரென்சோ பாண்டினியின் கார் மோதித் தீப்பிடித்தது. வைக்கோல் அந்தத் தீயை மேலும் வளர்த்தது. மூன்று நாள்களில் அவர் இறந்தார். பின்னர் வைக்கோல் கட்டுகள் கைவிடப்பட்டன.

டயர்த் தடுப்புகள் பரவலாயின. பழைய டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பல வரிசைகளாக நிறுத்தி, ஒன்றோடொன்று முடுக்கிவிடுவார்கள். முன்பக்கத்தில், ஆலைகளில் சரக்கு நகர்த்தப் பயன்படும் அகலமான ரப்பர் வாரை இழுத்துப் பொருத்துவார்கள். கார் டயர்களுக்குள் சொருகிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்வதற்காகவே இந்த ஏற்பாடு.

1877இல் பேராக்கிற்கு வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்று எனக் கருதப்படும் மரம், கோலகங்சாரில் போற்றிக் காக்கப்படுகிறது. அந்த மரத்தின் வழிவந்த தொழிலில் நம் முன்னோர் விடியற்காலையில் பால் வெட்டினார்கள். இன்று பல தோட்டங்களில் செம்பனை நிற்கிறது. ஆனால் ரப்பர், டயராக உழைத்து ஓய்ந்த பிறகும் உயிர் காக்கிறது.

1999ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பாதையில் மைக்கேல் ஷூமாக்கரின் கார் பிரேக் பிடிக்காமல் டயர்த் தடுப்பில் மோதியது. வலது கால் முறிந்தது, உயிர் தப்பியது. அக்டோபர் 17ஆம் நாள், நம் நாட்டின் செப்பாங்கில் நடந்த முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அவர் மீண்டும் ஓட்டி, இரண்டாவதாக வந்தார்.

ரப்பருக்கு ஒரு குறையும் உண்டு. அழுத்தினால் மீளும், மோதிய காரைப் பாதைக்கே திருப்பி எறிந்துவிடலாம். எனவே, நுரை நிரப்பிய பிளாஸ்டிக் பெட்டிகளை வார்களால் பிணைத்துச் செய்யும் தடுப்புகளும் வந்தன. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பொறியாளர்கள், கான்கிரீட் சுவருக்கு முன்னால் எஃகுக் குழாய்களையும், இடையில் நுரைக் கட்டிகளையும் வைத்து ஒரு தடுப்பு அமைத்தார்கள். 2002இல் அது இண்டியானாபோலிஸ் பாதையில் பொருத்தப்பட்டது. நசுங்குவதும் வளைவதுமே இவற்றின் வேலை. மோதலின் ஆற்றலை இவை தாமே வாங்கிக்கொள்கின்றன.

பந்தயம் பார்த்துவிட்டு, இரவு வேளையில் ஈப்போ சாலையில் மோட்டார் சைக்கிளை முறுக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். பந்தயப் பாதையில் சுவர் விட்டுக்கொடுக்கும். சாலை ஓரத்து விளக்குக் கம்பமும் கால்வாய்த் திட்டும் செம்பனை மரமும் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கா. நெடுஞ்சாலை ஓரத்து இரும்புத் தடுப்பு காருக்காக அமைந்தது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து சறுக்கி வருபவரை அதன் தூண்களே வெட்டிவிடும்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு உள்ள விட்டுக்கொடுக்கும் சுவர் ஒன்றே ஒன்று. அதுதான் தலைக்கவசம். 1973 முதல் நம் நாட்டில் அது சட்டப்படி கட்டாயம். அதன் உள்ளிருக்கும் கெட்டி நுரை நசுங்கித்தான் மண்டையைக் காக்கிறது. அந்த நுரையின் கனம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். ஆனால் உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலுள்ள தூரம் அதுவாக இருக்கலாம். ஒருமுறை நசுங்கிய நுரை மீளாது. ஆகவே, விழுந்து அடிபட்ட தலைக்கவசம் வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதை மாற்றிவிடுங்கள். சிரிம் முத்திரை பார்த்து வாங்குங்கள். தாடைக்குக் கீழே வாரை இறுக்கிப் பூட்டுங்கள். பூட்டாத கவசம் தலைக்கு முன்னே பறந்துவிடும். பள்ளிக்கோ கடைக்கோ பின்னால் அமர்ந்து வரும் பிள்ளையின் தலையிலும் அது இருக்கட்டும்.